அந்தப் பையனை ரயில் ஏற்றாதே

பெருந்துறை,
புதன்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்திக்குக் காது குத்து வைத்திருந்தோம், வீடு நிறைய ஒறம்பரை. அதனால்தான் உடனே எழுத முடியவில்லை. இங்கே எல்லோரும் சுகம். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, மஞ்சள் நன்றாக நிற்கிறது. தென்னையில்தான் வெள்ளை ஈ விட்டபாடில்லை. உங்கள் பக்கமும் அப்படித்தான் என்று கேள்விப்பட்டேன்.

சரி, கடைசிப் பக்கத்தில் நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். உன் தறிக் குடோனில் வேலை பார்க்கும் ஒடிசா பையனுக்கு டிபி என்று சொல்லிவிட்டார்கள், மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது, மற்றவர்கள் அவனோடு ஒரே லைன் வீட்டில் தங்க மாட்டோம் என்கிறார்கள், கணக்கை முடித்து ஊருக்கு ரயில் ஏற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் மாப்பிள்ளை. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் சளி பார்த்தே என் வேலைக்காலம் கழிந்தது உனக்குத் தெரியும். அந்த உரிமையில் சொல்கிறேன், அவனை அனுப்பாதே.

அவர்களுடைய பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. ஆடி நோம்பிக்கு முன்னாலிருந்தே அவனுக்கு இருமல் என்று நீயே எழுதியிருக்கிறாய். அத்தனை நாளும் அவன் அதே அறையில்தான் படுத்தான். ஜன்னலைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, ஐந்து பேரும் பக்கத்தில் பக்கத்தில் பாய் விரித்தார்கள். கிருமி காற்றில் கலந்தது அப்போதுதான், அப்போது யாரும் பயப்படவில்லை. மாத்திரை உள்ளே போக ஆரம்பித்துவிட்டால், மருந்துக்குக் கட்டுப்படுகிற கிருமியாக இருக்கும் பட்சத்தில், இரண்டு வாரத்துக்குள்ளேயே பரப்புகிற சக்தி வெகுவாக இறங்கிவிடும். அந்தச் சமயம் பார்த்துத்தான் நம் ஜனங்கள் தட்டைத் தனியாக வைப்பார்கள், டம்ளரைத் தனியாக வைப்பார்கள், திண்ணையில் படுக்கச் சொல்வார்கள். தட்டிலும் டம்ளரிலும் இந்தச் சீக்கு ஒட்டாது. தொட்டாலும் வராது. இருமும்போதும் உரக்கப் பேசும்போதும் வெளியே வரும் நுண்துளி, காற்றோட்டம் இல்லாத அறையில் மணிக்கணக்காக மிதக்கும். அதை மூச்சில் இழுத்தால்தான் வரும். ஆகையால் தட்டைப் பிரிப்பதை விட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல். அந்த லைன் வீட்டில் ஒரே ஒரு ஜன்னல்தான் என்றால், எதிர்ச்சுவரில் மேலே இன்னொரு திறப்பு வைத்துக் கொடு. கொத்தனாருக்கு ஒரு நாள் வேலைதான்.

நான் சொன்னால் தொழிலாளிகள் நம்ப மாட்டார்கள் என்று நீ நினைக்கலாம். எங்கள் ஊர்க் கதையையே சொல்லு. இங்கே மெடிக்கல் காலேஜ் இருக்கும் இடம் ஒரு காலத்தில் டிபி சானடோரியம். இன்றைக்கும் பஸ்ஸில் ‘சானடோரியம் ஒண்ணு’ என்று டிக்கெட் கேட்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். நல்ல மருந்து வராத காலத்தில் ஊருக்கு வெளியே, நல்ல காற்றில், மாதக்கணக்காகப் படுக்க வைப்பதுதான் வைத்தியம். நோயாளியை வீட்டில் வைத்தால் குடும்பமே போய்விடும் என்று டாக்டர்களே நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தது நம் சென்னையில்தான். 1956இல் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள், இன்றைக்கு அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம். நகரத்து ஏழை நோயாளிகளை இரண்டு பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்கினருக்கு சானடோரியத்தில் படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு. இன்னொரு பங்கினர் தங்கள் நெருக்கடியான வீட்டிலேயே இருந்தார்கள். கிடைத்ததைச் சாப்பிட்டார்கள், முடிந்தபோது வேலைக்கும் போனார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். 1959இல் முடிவு வெளியானது. குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. அதைவிட முக்கியமானது வீட்டில் இருந்தவர்களின் கதி. நோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்த குடும்பங்களில், சானடோரியத்துக்கு அனுப்பிய குடும்பங்களைவிட அதிகம் பேருக்கு நோய் வந்துவிடவில்லை. ஏனென்றால் வரவேண்டிய தொற்று, நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்பே வந்து முடிந்திருந்தது. உலகம் முழுக்க சானடோரியங்களை மூடியதற்கு இந்த ஆய்வும் ஒரு பெரிய காரணம். சென்னையின் ஒண்டுக் குடித்தனங்களில் நிரூபித்துக் காட்டியதை உன் குடோனில் ஏற்றுக்கொள்ளத் தயங்குவானேன்?

ஊருக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கையில் பத்து நாள் மாத்திரை இருக்கும். ரயிலில் ஒன்றிரண்டு நாள் போகும். அங்கே போனதும் வீட்டு வேலை, கடன்காரன், மாத்திரை தீர்ந்தபின் ஆஸ்பத்திரி எங்கே என்று அலைச்சல். பாதியில் நின்ற மருந்துதான் மருந்துக்குக் கட்டுப்படாத டிபியை உண்டாக்குகிறது. அவனே போகத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், பதிவு செய்தபோது கொடுத்த நிக்ஷய் எண்ணை, அதாவது அரசாங்க டிபி பதிவேட்டில் அவனுக்குள்ள எண்ணை வைத்து இங்கிருந்தே அவன் ஊர் மையத்துக்கு மாற்றிக் கொடுப்பார்கள். அதைச் செய்யாமல் டிக்கெட் எடுத்துக் கொடுக்காதே.

இன்னொன்று. அவன் இருமலை எல்லோரும் ‘பஞ்சு’ என்று விட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்கு மனசு ஆறவில்லை. நம் சீமையில் இருமலுக்குக் காரணம் தயாராகவே இருக்கிறது. தறியில் பஞ்சு, சாயப்பட்டறையில் நெடி, கல் குவாரியில் தூசி, பீடி குடிக்கிறவருக்கு பீடி. பஞ்சுத் தூசியால் வருகிற நோய் ஒன்று உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சை இறுக்கும். டிபிதான் சாயங்காலம் சாயங்காலம் லேசாகக் காய்ச்சலைக் கொண்டு வரும், ராத்திரியில் பனியன் நனைய வேர்க்க வைக்கும், உடம்பை உருக்கும். எந்தத் தூசியில் வேலை பார்த்தாலும் சரி, இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைச் சோதிக்க வேண்டும். கோயம்புத்தூர் ஃபவுண்டரிகளில் மோல்டிங் மணலில் உழல்கிறவர்களும் குவாரி ஆட்களும் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சிலிக்கா தூசி படிந்த நுரையீரலில் டிபி சுலபமாகக் குடியேறும். சர்க்கரை இருப்பவர்களுக்கும் மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு ஆபத்து. நம் பக்கம் சர்க்கரை இல்லாத வீடு எது, சொல்லு.

சோதனையும் இப்போது பழைய மாதிரி இல்லை. அப்போதெல்லாம் சளியைக் கண்ணாடியில் தடவி, சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடு காட்டி, ஆசிட்டில் கழுவி, நீலம் ஊற்றி லென்ஸ் வழியாகப் பார்ப்போம். நீலத்துக்கு நடுவே மெல்லிய சிவப்புக் குச்சிகள். ஒரு மில்லி சளியில் 10,000 கிருமியாவது இருந்தால்தான் அப்படிக் கண்ணில் படும். ‘நெகட்டிவ்’ என்று எழுதி அனுப்பிய சீட்டுகளில் எத்தனை பேர் தப்பிப் போயிருப்பார்கள் என்று இன்றைக்கும் ராத்திரி நினைப்பு வரும். இப்போது சிபிநாட், ட்ரூநாட் என்று மெஷின் வந்துவிட்டது. ட்ரூநாட் கோவாவில் செய்கிற நம் ஊர் மெஷின். நூற்றுச் சொச்சம் கிருமி இருந்தாலும் பிடித்துவிடும், ரிஃபாம்பிசின் மருந்து வேலை செய்யுமா என்பதையும் சில மணி நேரத்தில் சொல்லிவிடும். ஆனால் மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பிரயோஜனம் இல்லை. காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சு இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். இதைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாததால் வீணாகப் போன டப்பாக்கள் ஏராளம்.

அதனால் அறையில் கூடப் படுத்த நாலு பேரையும் அழைத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போ. சளியும் எக்ஸ்ரேயும் பார்க்கச் சொல். இருமல் இல்லாவிட்டாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், சிலருக்கு இருமலே இருக்காது. கிருமி உள்ளே போன எல்லோருக்கும் நோய் வராது. நூற்றில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக மாறும், அதிலும் பாதிக்கு மேல் முதல் இரண்டு வருஷத்துக்குள். நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மாத்திரை உண்டா என்று கேள். வாரத்துக்கு ஒரு முறை வீதம் 12 வாரம் போடுகிற மாத்திரை இப்போது இருக்கிறது. அடுத்த லைன் வீட்டில் ஐந்து வயதுக்குள் குழந்தை இருந்து, இவன் தூக்கிக் கொஞ்சிக்கொண்டிருந்தான் என்றால் அந்தக் குழந்தையை முதலில் காட்டு. பிறந்ததும் பி.சி.ஜி. தடுப்பூசி போட்டிருப்பார்கள்தான். அது குழந்தைகளை மூளைக் காய்ச்சல் மாதிரியான கடுமையான டிபியிலிருந்து காக்கும். நுரையீரலுக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

பையனுக்குச் சொல்ல வேண்டியதையும் எழுதுகிறேன், யாராவது அவன் பாஷையில் சொல்லட்டும். மொத்தம் ஆறு மாதம். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், ரத்தம் என்று பயப்பட வேண்டாம், ரிஃபாம்பிசினின் நிறம் அது. இரண்டு மாதத்தில் இருமல் நின்று, எடை ஏறி, சீக்கே போய்விட்டது போல இருக்கும். பெரும்பாலானோர் மாத்திரையை விடுவது அந்தக் கட்டத்தில்தான். மீதி நாலு மாதம் முக்கியம் என்று நீயே எதிரில் நின்று போட வை. கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால், பார்வை மங்கினால், அன்றைக்கே டாக்டரிடம் போகட்டும். சாராயம் கூடவே கூடாது, மாத்திரையையும் சாராயத்தையும் சேர்த்து ஈரல் தாங்காது.

அவன் எடை என்ன என்று நீ எழுதவில்லை. கால் வீங்கியிருக்கிறதா, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா, மூச்சு வாங்குகிறதா? 2022இலிருந்து தமிழ்நாட்டில் நோய் கண்டவுடனேயே இதையெல்லாம் பார்த்து, மோசமாக இருப்பவர்களை உடனே வார்டில் சேர்க்கிறார்கள். டிபி மரணங்களில் பலவும், மாத்திரை ஆரம்பித்த முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே நடந்துவிடுகின்றன. நாட்டில் வருஷத்துக்கு 3 லட்சம் பேர் இதனால் சாகிறார்கள், மாப்பிள்ளை. மருந்து இலவசமாகக் கிடைக்கிற ஒரு நோய்க்கு இத்தனை உயிர்.

சாப்பாட்டை மருந்தாகவே நினை. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை ஓர் ஆய்வு நடந்தது. நோயாளிக்கும் அவன் குடும்பத்துக்கும் மாதா மாதம் அரிசி, பருப்பு, வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள். குடும்பத்தில் மற்றவர்களுக்கு டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறிய நோயாளிகளில் சாவும் குறைந்தது. அரசாங்கம் மாதம் 500 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆக்கியிருக்கிறார்கள். அது அவன் பேங்க் கணக்கில் விழுகிறதா என்று பார். விழுகிற வரைக்கும் தினமும் இரண்டு முட்டை, ஒரு கை நிலக்கடலை, பருப்பு என்று மெஸ்ஸில் சொல்லி வை. ஏற்கெனவே தங்கச்சி ராகிக் கூழ் கொடுத்து அனுப்புவதாக எழுதியிருந்தாய். அதைப் படித்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?

வேலையைப் பற்றிக் கேட்டாய். இப்போது பாவு தூக்குகிற வேலை வேண்டாம். தெம்பு வந்ததும் டாக்டரைக் கேட்டுவிட்டு, கோன் சுற்றுவது போல லேசான வேலை கொடு. வேலை போய்விடும் என்று தெரிந்தால் அடுத்து இருமுகிறவன் உன்னிடம் சொல்லவே மாட்டான், மறைத்துக்கொண்டே மாதக்கணக்கில் அந்த அறையில் படுப்பான். நம் வீடுகளிலும் இதே கதைதானே. பெண்ணுக்குக் கழுத்தில் கட்டி வந்து டிபி என்று தெரிந்தால், வரன் தட்டிப்போகும் என்று பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியைத் தாண்டி ஈரோட்டுக்கும் சேலத்துக்கும் ஒளிந்து ஒளிந்து போகிறார்கள். கழுத்துக் கட்டி டிபி அடுத்தவருக்குப் பரவக்கூட பரவாது. ஆறு மாதத்தில் குணமாகிற சீக்கு. அதற்குப் போய் ஒரு பெண் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

அடுத்த மாதம் சோமனூர்ப் பக்கம் ஒரு கல்யாணம் இருக்கிறது, வருகிறேன். அதற்குள் அவனுடைய சிகிச்சைச் சீட்டை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பு. ரிஃபாம்பிசின் சோதனை முடிவு அதில் எழுதியிருக்கிறதா, சர்க்கரையும் எச்.ஐ.வி.யும் பார்த்தார்களா என்று நான் பார்க்க வேண்டும். எழுதாமல் விட்டிருந்தால், போய்க் கேட்க வேண்டிய ஆளை நான் சொல்கிறேன்.

தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்