மான் வரும் தோட்டத்திற்கு

கோடியக்காடு,
வேதாரணியம் வட்டம்.

அன்புள்ள ராமலிங்கத்திற்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் சூட்டிய செய்தியும், ஓய்வு பெற்றபின் இந்தப் பக்கமே வந்து குடியிருக்க நீ முடிவு செய்த செய்தியும் எங்கள் வீட்டில் எல்லோரையும் மகிழ்வித்தன. ஆனால் வாங்கிய மனையைச் சுற்றிலும் செம்பருத்தியும் ரோஜாவும் வைத்து, நடுவே மாங்கன்றுகள் ஊன்றப்போவதாக எழுதியிருக்கிறாயே, அதைப் பற்றித்தான் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. தஞ்சாவூரில் தோட்டத்திற்கு ஆடும் மாடும்தான் எதிரிகள். இங்கே காடே கொல்லைப்புறத்தில் இருக்கிறது.

கோடியக்கரைச் சரணாலயம் 1967 இல் வெளிமானுக்காக அமைந்தது என்றாலும், நீ அஞ்ச வேண்டியது புள்ளிமானுக்குத்தான். வெளிமான் பெரும்பாலும் திறந்த வெளியில் புல் மேயும். புள்ளிமானோ புல்லோடு தளிர், பூ, உதிர்ந்த பழம் எல்லாவற்றையும் தின்னும், எட்டாத கிளைக்குப் பின்னங்கால்களில் எழுந்தும் நிற்கும். சீமைக்கருவேல் புல்தரையை அடைத்துக்கொண்டு வருகிற இடத்தில், கோடையில் மிச்சப் பசுமையும் காய்ந்துவிட்டால், நீர் பாய்ச்சி உரமிட்ட வீட்டுத் தோட்டத்துத் தளிரை அது விட்டுவைக்குமா? கடித்தது எது என்று செடியே சொல்லிவிடும்: முயல் கடித்த தண்டு கத்தியால் சீவியதுபோல் இருக்கும், மானுக்கு மேல்வரிசை முன்பற்கள் இல்லாததால் நுனி கிழிந்து நார் தொங்கும். ஆட்டுக்கும் அப்படியே என்பதால், மானைக் குற்றம் சொல்வதற்கு முன் பக்கத்து வீட்டு ஆட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நியாயம்.

வேலி போடுவதென்றால் எட்டடி உயரம் வேண்டும். அதற்குக் குறைந்ததை மான் தாண்டிவிடும். மனை முழுவதற்கும் அவ்வளவு உயரக் கம்பிவலை அடிப்பது பெருஞ்செலவு என்பதால், நாலடி இடைவெளியில் ஐந்தடி உயர வேலிகள் இரண்டு போடுவதும் உண்டு. உயரத்தோடு அகலமும் சேர்ந்தால், எங்கே போய் இறங்குவோம் என்று தெரியாமல் மான் தயங்கும். பழைய மீன்வலையை மட்டும் கட்டிவிடாதே. மலிவாகக் கிடைக்கும், ஆனால் தொளதொளவென்று தொங்கும் வலையில் கொம்பு சிக்கிய கிடா மான் திமிறியே செத்துப்போகும். வெளிமான் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகுந்த பாதுகாப்புக்குரிய வரிசையில் உள்ள விலங்கு என்பதையும் நினைவில் வை. மின்கம்பத்திலிருந்து நேரடியாக இழுக்கும் கம்பியைப் பற்றி எழுதவே வேண்டாம், அது மனிதரையும் கொல்லும்.

விரட்டும் மருந்துகளில் முட்டைக் கரைசல் ஓரளவு பயன் தரும். ஒரு பங்கு முட்டைக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்து அடித்து, துணியில் வடிகட்டித் தெளிக்க வேண்டும். வடிகட்டாவிட்டால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும். புதுத் தளிர் விடும்போதெல்லாம் மீண்டும் தெளிக்க வேண்டும், ஐப்பசி அடைமழையில் அதுவும் நிற்காது. பசித்த மான் நாற்றத்தைப் பொருட்படுத்துவதில்லை என்பதால், அதை நம்பியே தோட்டம் போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

என் யோசனை வேறு. மனையின் ஓரங்களை மான் விரும்பாத செடிகளுக்கே விட்டுவிடு. ஆடாதோடையும் நொச்சியும் நம் வாய்க்கால் கரைகளில் காலங்காலமாக உயிர்வேலியாக நிற்பவை. ஆடுமாடு வாய் வைக்காத அவற்றை மானும் எளிதில் தொடாது. பூ வேண்டுமென்றால் அரளி வை, ஆனால் அது நஞ்சு, பேத்தி வரும்போது கவனம் தேவை. செம்பருத்தியையும் ரோஜாவையும் வீட்டு வாசலை ஒட்டி, உயர்ந்த வேலிக்குள் ஒரு சிறிய துண்டு நிலத்தில் மட்டும் வைத்துக்கொள். மாங்கன்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஆறடி உயரத்தில் கம்பிவலைக் கூண்டு போட்டு, உள்ளே தலை நுழையாதபடி தண்டிலிருந்து இரண்டடியாவது தள்ளி நிறுத்து. நுனி மேலே போய்விட்டது என்று கூண்டை எடுத்துவிடாதே. கிடாக்கள் புதிதாக முளைத்த கொம்பின் மெல்லிய தோலை உரிக்க இளமரத்தில்தான் உரசும், பட்டை சுற்றிலும் உரிந்தால் மரம் பட்டுவிடும். 2018 இல் கஜா புயல் சாய்த்த மரங்களுக்கு ஈடாக இங்கே வைத்த கன்றுகளை இப்படிக் காத்தவர்களுக்கே அவை மரமாயின.

ஆடாதோடைக்கும் நொச்சிக்கும் குச்சி என் கொல்லையிலேயே இருக்கிறது, மழை தொடங்கியதும் வெட்டி வைக்கிறேன். அதற்குள் மனையின் வரைபடத்தில், காட்டைப் பார்த்த பக்கம் எது, கிணறு எங்கே என்று குறித்து அனுப்பு. கம்பிவலைக்கு அளவு பார்த்துவிடலாம்.

அன்புடன்,
சுந்தரமூர்த்தி