இன்னும் நாலு நாள் இருந்துவிட்டுப் போ

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இமாச்சல மலையில் திபெத்துக்காரர்கள் வாழும் மெக்லியோட்கஞ்சுக்கு வந்தவள் இங்கேயே உட்கார்ந்துவிட்டேன், நாள் வீணாகிறது என்று எழுதியிருந்தாய். வீணாகட்டுமே. லாட்ஜ் நடத்துகிறவன் சொல்கிறேன், கேள்.

வடக்கே இருந்து நம்ம லாட்ஜுக்கு வருகிறவர்களை நீயே பார்த்திருக்கிறாய். விடியற்காலை ரயிலில் இறங்கி, குளித்து, மீனாட்சியைக் கும்பிட்டு, நாயக்கர் மகாலை எட்டிப் பார்த்துவிட்டு, மத்தியானமே ராமேஸ்வரத்துக்கு வேன் ஏறுவார்கள். மதுரை எப்படி என்று கேட்டால், வெயில் என்பார்கள். ஒரு வாரம் தங்கிய வங்காளத்து வாத்தியார் ஒருத்தர்தான், பருத்திப்பால்காரரிடம் சுக்கு குறைகிறது என்று சண்டை போடும் அளவுக்கு ஊரோடு ஒட்டினார்.

தலாய் லாமா கோயிலைச் சுற்றிக் காலையில் கிழவிகளோடு நடக்கிறாய் என்று படித்ததும் எனக்கு மீனாட்சி கோயில் ஆடி வீதி ஞாபகம் வந்தது. அவர்களும் வலமாகத்தான் சுற்றுகிறார்களாமே. 1959லிருந்து திபெத்தைவிட்டு வந்துகொண்டிருக்கிற சனம். பாஷை தெரியாவிட்டாலும் பக்கத்தில் உட்கார். சோறு கிடைக்கவில்லை என்று புலம்பாமல் அவர்களுடைய நூடுல்ஸ் சூப், அந்தத் துக்பாவையே குடி.

அப்புறம், நீ அடுத்துப் போகப்போகிற ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கு. மெக்லியோட்கஞ்ச் ஏறத்தாழ நம்ம கொடைக்கானல் உயரம், 2,000 மீட்டர் சொச்சம். உடம்பு ஒன்றும் சொல்லாது. ஸ்பிட்டியின் பெரிய ஊரான காசா 3,600 மீட்டருக்கு மேலே. மணாலி வழியாக அவசரமாகப் போனால் நடுவில் குன்சும் கணவாய் 4,500ஐத் தாண்டும். தலைவலி, வாந்தி என்று படுத்திவிடும். சிம்லா, கின்னௌர் வழியாகப் போ. நாள் கூடத்தான் ஆகும். கல்பாவில் தங்கி, தாபோவில் தங்கி ஏறினால் உடம்பு பழகிக்கொள்ளும். தாபோ புத்த மடம் 996இல் எழுந்தது, தஞ்சைப் பெரிய கோயிலுக்கே மூத்தது. அதற்காகவாவது ஒரு ராத்திரி இரு. தலைவலி விடவில்லை என்றால் மேலே போகாதே, இறங்கிவிடு. கூட வருகிறவர்கள் கேலி செய்தால் செய்யட்டும்.

இருக்கச் சொல்கிறேனே தவிர, ஜூன் கடைசிவரை இழுக்காதே. மழை பிடித்துக்கொண்டால் மலைப் பாதை சரியும்.

கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். நீ ட்ரியுண்டு மலைக்குத் தனியாக ஏறியதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. ரூமில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறாய் என்றுதான் அவள் நினைப்பு. போனில் உளறிவிடாதே.

அப்பா