இரண்டு பேருக்கான அளவு

அன்புள்ள பாப்பா,

உன் மெசேஜ் வந்தது. "அப்பா, நீங்க செய்வீங்களே அந்த லெமன் காக்டெயில், அதுக்கு அளவு அனுப்புங்க. ஒரு ஆளுக்குப் போதும்." அவ்வளவுதான். எப்படி இருக்கீங்க என்றுகூட ஒரு வார்த்தை இல்லை. சரி, வேலை இருந்திருக்கும். போனில் சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. மெசேஜில் எழுதினால் நாலு வரியோடு நின்றுபோகும். அதனால்தான் இப்படி உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் போடுவதற்குப் பெயர் டாம் காலின்ஸ். உன் தம்பி நினைப்பதுபோல் அது என் கண்டுபிடிப்பு இல்லை, 1876-லேயே செய்முறை அச்சில் வந்துவிட்டது. இரண்டு பேருக்கு ஜின் 90 மில்லி, எலுமிச்சைச் சாறு 60, சர்க்கரைப் பாகு 30, சோடா 120. நீ ஒரு ஆளுக்குத்தான் கேட்டாய், தெரியும். நானும் உன் சித்தப்பாவும் உட்கார்ந்த காலத்துக் கணக்கு இது, கைக்கு இதுதான் வருகிறது. சித்தப்பா விஷயத்துக்கு அப்புறம் நான் ஷேக்கரை எடுப்பதே அபூர்வம். உனக்குத் தெரியாததா.

பாகுக்குச் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு. கொதிக்க வைத்துக் கெட்டியாக்காதே. சுடுதண்ணீரில் சர்க்கரையைப் போட்டு, கலங்கல் போய்த் தெளியும்வரை கலக்கினால் போதும். ஆறிய பிறகு பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வை. சர்க்கரையை நேராக டம்ளரில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். குளிர்ந்த பானத்தில் அது சட்டென்று கரையாது, அடியில் மணலாகக் கிடக்கும்.

பழம்தான் முக்கியம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே வெட்டாதே. கொஞ்ச நேரம் வெளியே வைத்து, மேசைமேல் உள்ளங்கையால் அழுத்தி உருட்டு. சாறு தாராளமாக இறங்கும். பிழியும்போது கடைசிச் சொட்டுவரை நசுக்கினால் தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதியின் கசப்பும் சேர்ந்து வரும். நீ எதையும் முழுசாகப் பிழிந்து பார்த்துவிட்டுத்தான் விடுவாய், அதனால் சொல்கிறேன். பிழிந்த சாற்றை மறுநாளைக்கு வைக்காதே, மணம் மாறிவிடும். பாட்டிலில் விற்கிற சாறு வேண்டவே வேண்டாம். எத்தனை பழம் என்று கேட்காதே, ஒவ்வொரு பழமும் ஒவ்வொரு மாதிரி. பிழிந்து, மில்லியில் அள.

ஜின்னையும் அள. கண்ணளவு வேண்டாம். நல்ல கைப்பக்குவம் உள்ளவர்கள்கூட மாலையில் ஊற்றும் கண்ணளவும் ராத்திரி ஊற்றும் கண்ணளவும் ஒன்றாக இருக்காது. இருமல் மருந்தைக்கூட மூடியில் கோடுவரை ஊற்றிக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்துக் குடித்த பிள்ளை நீ. அந்த வயதில் எந்தப் பிள்ளை அப்படிச் செய்யும்? உன் ஆபீசில் உன்னை நம்பி அத்தனை பெரிய பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்றால் காரணம் அந்தக் குணம்தான். பொறுப்பு கொடுத்த செய்தியை உன் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன் என்பது வேறு விஷயம்.

ஜின், சாறு, பாகு மூன்றையும் ஷேக்கரில் ஊற்று. ஐஸ் பெரிய கட்டிகளாக நிறையப் போடு. பொடி ஐஸ் சட்டென்று உருகித் தண்ணியாக்கிவிடும். பத்துப் பன்னிரண்டு நொடி நன்றாகக் குலுக்கு. ஷேக்கரின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்து, கை ஒட்டுகிற மாதிரி சில்லென்று ஆனால் நிறுத்திவிடலாம். புது ஐஸ் போட்ட உயரமான டம்ளரில் வடித்துவிட்டு, மேலே சோடா. சோடாவை மட்டும் ஷேக்கரில் ஊற்றிவிடாதே, மூடி பறக்கும்.

கடைசியில் தோலை ஒரு துண்டு, கட்டைவிரல் அகலத்துக்குச் சீவி, மஞ்சள் பக்கம் டம்ளரைப் பார்க்கும்படி பிடித்து ஒரு முறுக்கு முறுக்கு. விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் எண்ணெய் பொடிப் பொடியாகத் தெறிப்பது தெரியும். வாசனை முழுக்க அதில்தான். நாக்குக்குப் புளிப்பு, மூக்குக்குத் தோல். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இந்தப் பானத்தில் ஒரு சங்கடம் உண்டு. புளிப்பும் இனிப்பும் சேர்ந்து ஜின்னை மறைத்துவிடும். ஜூஸ் மாதிரி இறங்கும். ராவாகக் குடிக்கிறவனுக்கு முகம் சுளிக்கும்போதாவது ஒரு எச்சரிக்கை கிடைக்கிறது, இதில் அதுவும் இல்லை. ஒரு பெரிய பெக், அதாவது 60 மில்லி ஜின்னில், 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், சுமார் 19 கிராம் சுத்த ஆல்கஹால். உலக சுகாதார நிறுவனம் ஒரு டிரிங்க் என்று எடுத்துக்கொள்வது 10 கிராம். அதாவது நீ ஒன்று என்று எண்ணுவது ஏறக்குறைய இரண்டு. அதனால்தான் ஆளுக்கு 45-க்கு மேல் போகாதே என்கிறேன், அதனால்தான் அளக்கச் சொல்கிறேன். வயிற்றில் சாப்பாடு இல்லாமல் தொடாதே. தூக்கம் வரவில்லை என்று மட்டும் இதைத் தேடாதே. முதலில் கண்ணைச் சொருகும், பின்னிரவில் எழுப்பிவிடும், அப்புறம் விடிய விடிய விழிப்புதான். உனக்குத் தூக்கம் எப்படி இருக்கிறது? உன் மெசேஜ் வந்த நேரத்தைப் பார்த்தேன். சும்மா கேட்டேன்.

எலுமிச்சையும் சர்க்கரையும் மதுவோடு சேர்ந்த கதை ஒன்று உனக்குப் பிடிக்கும். 1740-ல் எட்வர்ட் வெர்னன் என்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி, மாலுமிகள் ராவாக ரம் குடித்துச் சீரழிவதைப் பார்த்துவிட்டு ஓர் உத்தரவு போட்டார். ஒரு பங்கு ரம்முக்கு நாலு பங்கு தண்ணீர், அதுவும் மொத்தமாக இல்லை, ஒரு நாளைக்கு இரண்டு வேளையாகப் பிரித்து. ருசி வேண்டுமென்றால் அவரவர் சர்க்கரையும் எலுமிச்சையும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். குடியைக் கட்டுக்குள் வைக்கத்தான் அந்தக் கலவை, இன்னும் கொஞ்சம் இறக்குவதற்கு இல்லை. அவரும் எல்லோர் முன்னாலும், தளத்தில் வைத்துத்தான் கலக்கச் சொன்னார். யாரும் மூலையில் தனியாக உட்கார்ந்து கலந்துகொள்ளவில்லை.

மாப்பிள்ளை இதைத் தொடமாட்டார் என்று தெரியும். அவருக்கு ஜின் இல்லாமல் அதே மாதிரி டம்ளரில் போட்டுக் கொடு, எதிரே உட்காரட்டும். அவர் ஊரில்தானே இருக்கிறார்? இல்லையென்றால் உன் தோழி யாரையாவது கூப்பிடு. யாராவது வருவார்களா, இல்லை இப்போது யாரிடமும் பேசுவதில்லையா? நீ கோபப்படாதே. அளவு கேட்டால் அப்பா உபதேசம் பண்ணுகிறார் என்பாய். உனக்கு வயது வந்துவிட்டது, உன் வீடு, உன் டம்ளர், உன் இஷ்டம். அளந்து ஊற்று என்று மட்டும்தான் சொல்கிறேன்.

ஒரு ஆளுக்கு அளவும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறுபடி மெசேஜ் அனுப்புவாய். எலுமிச்சைச் சாறு 30, பாகு 20, சோடா 150, ஒரு சிட்டிகை உப்பு, நிறைய ஐஸ், மேலே தோல். இதில் ஜின் இல்லை. விட்டுப்போனது என்று நினைக்காதே. உப்பு கசப்பை அடக்கும், போட்டுப் பார், நன்றாகவே இருக்கும். ஜின் வேண்டிய நாளில் மேலே எழுதிய கணக்கைப் பார்த்துக்கொள், அது இரண்டு பேருக்கு.

அம்மாவுக்கு நான் என்ன எழுதுகிறேன் என்று தெரியாது. கேட்டால் எலுமிச்சை ஜூஸ் என்றுதான் சொல்வேன், பாதி பொய்தான் ஆகும். அவள் மூட்டுவலி பரவாயில்லை. உன் அறையைக் காலி பண்ணலாமா என்று உன் தம்பி கேட்டான், வேண்டாம் என்றுவிட்டேன். கட்டிலுக்குப் புது மெத்தை போட்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறேன், போனை எடு. பேச விருப்பமில்லை என்றால் எடுத்துவிட்டுச் சும்மா இரு, நான் பேசுகிறேன். ஞாயிறுவரை பொறுக்காது என்றால் எந்த ராத்திரி எத்தனை மணியானாலும் நீயே கூப்பிடு. எனக்கும் இப்போதெல்லாம் தூக்கம் குறைவுதான்.

அப்பா