லாரிக்குச் சொல்வதற்கு முன் தொட்டியை அளக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிற்றூர்களில் தண்ணீர் வற்றும் செய்தி தங்கள் இதழில் வரும்போதெல்லாம் இரண்டு கோரிக்கைகள்தான் கண்ணில் படுகின்றன: புதிய போர்வெல் போடுங்கள், லாரியில் தண்ணீர் அனுப்புங்கள். சில ஊர்களில் இரண்டையும் தவிர்க்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அவற்றுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அளவு நாடாவும் டார்ச் விளக்கும் இருந்தால் ஓரிரவில் முடிந்துவிடும். அதைப் பற்றி யாரும் எழுதக் காணோம் என்பதால் இந்தக் கடிதம்.

இரவு 2 மணிக்கு மேல்நிலைத் தொட்டிக்கு ஏறும் குழாயின் வால்வை மூடிவிட வேண்டும். ஊருக்கு இறங்கும் வால்வு திறந்தே இருக்கட்டும். தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு, சரியாக ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். 6 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டியில் மட்டம் 10 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால், போனது ஏறத்தாழ 2,800 லிட்டர். அந்நேரத்தில் சிற்றூரில் நடக்கும் உண்மையான செலவு மிகக் குறைவு. ஆகவே போனதில் பெரும்பகுதி கசிவுதான். இதை 24 ஆல் பெருக்கினால் கணக்கு கூடிவிடும். இரவில் குழாயில் அழுத்தம் அதிகம், பகலில் குறைவு. 20 ஆல் பெருக்கினால் உண்மைக்குப் பக்கத்தில் வரும்: நாளுக்கு 56,000 லிட்டர். ஆளுக்கு 50 லிட்டர் என்று வைத்தால் 1,100 பேருக்கான தண்ணீர்.

இந்தச் சோதனை ஓரிடத்தில் ஏமாற்றும். மிதவை வால்வு வைத்த தரைத்தொட்டிகள் வீடுகளில் இருந்தால் அவை இரவில்தான் நிரம்பும். அதுவும் கசிவுக் கணக்கில் சேர்ந்துவிடும். முதல் நாளே சொல்லி, ஓரிரவு மட்டும் வீட்டு இணைப்பை மூடிவைக்கச் செய்ய வேண்டும். மருத்துவமனை, விடுதி போன்ற இடங்களில் மீட்டரைப் பார்த்து அந்த அளவைக் கழித்துவிடலாம்.

அடுத்த இரவு, தெரு வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே மட்டத்தைக் கவனிக்க வேண்டும். எந்த வால்வை மூடியதும் இறக்கம் சட்டென்று தணிகிறதோ, அதற்கு அப்பால்தான் உடைப்பு. இங்கே வழக்கமாக வரும் சிக்கல், வால்வு எங்கே இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாமல் போவது. பலமுறை போட்ட தார்ச்சாலைக்குக் கீழே அது புதைந்திருக்கும். கிடைத்தாலும் துருவேறி முழுதாக மூடாது. மூடாத வால்வை நம்பினால் தவறான தெருவைத் தோண்ட நேரும். இரும்புக் குழாயாக இருந்தால் ஓர் இரும்புக் கம்பியை வால்வின் மேல் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்தால் சீறல் கேட்கும். பிளாஸ்டிக் குழாயில் ஒலி அவ்வளவு தூரம் வராது. நெருங்கிப் போய்த்தான் தேட வேண்டும். வறட்சியில் இதற்கு ஒரு வசதி உண்டு. ஊரெல்லாம் காய்ந்து கிடக்கும்போது ஓரிடத்தில் மட்டும் புல் பச்சையாக நின்றால் அங்கே தோண்டலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: களிமண் நிலம் காயும்போது சுருங்கி, குழாய் இணைப்புகளை இழுத்துப் பிரிக்கும். போன ஆண்டு நன்றாக இருந்த குழாய் இந்த ஆண்டும் அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது.

சிறிய ஓட்டைதானே என்று விடுவதற்கில்லை. 6 மில்லிமீட்டர் துளை ஒன்று, 30 மீட்டர் அழுத்தத்தில் (அதாவது 30 மீட்டர் உயர நீர் தரும் அழுத்தத்தில்) நாளுக்குச் சுமார் 35,000 லிட்டர் கக்கும். அதே துளை 15 மீட்டர் அழுத்தத்தில் 25,000 லிட்டர். பிளாஸ்டிக் குழாயில் நீளவாக்கில் விழும் கீறல் அழுத்தம் கூடக்கூட வாயைத் திறக்கும் என்பதால், அழுத்தத்தைக் குறைப்பதில் அங்கே இன்னும் அதிகம் மிச்சமாகும். எல்லா உடைப்பையும் உடனே அடைக்க ஆளில்லாத ஊரில், அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றைப் பிரதான குழாயில் வைப்பதே மிக மலிவான வழி. 2018 இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் ஆளுக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு போட்டது பலருக்குத் தெரியும். அதோடு சேர்த்து அங்கே குழாய் அழுத்தத்தையும் குறைத்தார்கள் என்பதுதான் செய்திகளில் அவ்வளவாக அடிபடவில்லை.

அழுத்தத்தைக் குறைப்பது வேறு, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடுவது வேறு. பல ஊர்களில் முதலில் கையாளும் ஆயுதம் இந்த இரண்டாவதுதான். எங்கள் கருத்தில் அது கடைசி ஆயுதமாக இருக்க வேண்டும். தண்ணீர் நின்றதும் மேட்டுப்பகுதிக் குழாய்கள் காலியாகி, உள்ளே வெற்றிடம் உண்டாகும். எந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே போனதோ, அதே ஓட்டை வழியாகச் சாக்கடை நீர் உள்ளே வரும். மறுநாள் வால்வைச் சட்டென்று திறந்தால் உள்ளே அடைபட்ட காற்றும் பாய்ந்து வரும் நீரும் மோதிப் புதிய இடத்தில் குழாய் வெடிக்கும். வீடுகளில் திறந்தே விட்ட குழாய்கள் ஓடி வழியும். பிடித்துவைத்த பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடிப்பார்கள். வேறு வழியில்லாமல் முறை வைத்துத்தான் விட வேண்டுமென்றால் வால்வைச் சில நிமிடங்கள் எடுத்து மெதுவாகத் திறக்க வேண்டும். மேட்டு முனைகளில், அடைபட்ட காற்றை வெளியே விடும் காற்று வால்வு இருக்க வேண்டும். முதலில் வரும் கலங்கல் நீரைக் குடிக்கப் பிடிக்கக் கூடாது. கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சுகிறதா என்று தண்ணீர் விடும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

இனி போர்வெல். மோட்டார் ஓடாதபோது இருக்கும் மட்டம் (நிலை மட்டம்), ஓடும்போது இறங்கும் மட்டம் (ஓட்ட மட்டம்), நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்ற மூன்று எண்களும் வாரம் ஒருமுறை குறிக்கப்படாத ஊரில் யாரும் எதையும் தீர்மானிக்க முடியாது. நிலை மட்டமே இறங்கிக்கொண்டு போனால் நிலத்தடி நீர் குறைகிறது என்று பொருள். நிலை மட்டம் அப்படியே இருந்து, ஓடும்போது மட்டும் முன்பைவிட ஆழமாக இறங்கினால் கிணற்றின் சல்லடைக் குழாயோ ஊற்றுக்கண்ணோ அடைத்திருக்கிறது; அதைக் கழுவினால் போதும், புதுக்கிணறு வேண்டாம். அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மோட்டார் இறக்கும்போதே 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் சேர்த்துக் கட்டி, அதன் முனை எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று எழுதிவைத்துவிட வேண்டும். மேலிருந்து சைக்கிள் பம்பால் காற்றடித்தால் அழுத்தமானி ஏறி ஒரு கட்டத்தில் நின்றுவிடும். 1 பார் என்றால் குழாய் முனைக்கு மேல் 10.2 மீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று கணக்கு.

பாறைப் பகுதியில் பழைய கிணற்றுக்குப் பக்கத்திலேயே புதிதாகத் துளைப்பது பெரும்பாலும் அதே பாறை வெடிப்பிலிருந்து இன்னொரு உறிஞ்சுகுழலைப் போடுவதுதான். முதல் வாரம் தண்ணீர் வரும், படம் எடுப்பார்கள்; பிறகு இரண்டு கிணறும் பாதிப் பாதி கொடுக்கும். மோட்டாரை ஆழத்தில் இறக்கினால் ஏற்றும் உயரம் கூடி, அதே மோட்டாரிலிருந்து வரும் அளவு குறையும். தண்ணீர் வரும் வெடிப்புக்குக் கீழே மோட்டாரை வைத்தால், மோட்டார் உடலைத் தடவிக்கொண்டு போய்க் குளிரவைக்க நீரோட்டம் இராது. அதற்குரிய உறை போடாவிட்டால் சுருள் எரிந்துபோகும். ஆழத்து நீர் நல்ல நீராகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையும் தவறு. உப்பும் புளோரைடும் சில நிலங்களில் ஆர்செனிக்கும் கூடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்குப் புளோரைடு 1.5 மில்லிகிராம், ஆர்செனிக் 0.01 மில்லிகிராம். கொதிக்கவைத்தால் இவை போகா. நீர் ஆவியாகி அடர்த்திதான் கூடும்.

ஏரியையோ அணையையோ நம்பிய ஊர்களுக்கு ஒரே எச்சரிக்கை: "பாதி மட்டம் இருக்கிறது" என்ற அறிவிப்பை நம்பாதீர்கள். புனல் வடிவப் பள்ளத்தில் பாதி ஆழம் என்றால் எட்டில் ஒரு பங்கு நீர்தான். அதிலும் அடிவண்டலும் மதகுக்குக் கீழே தங்குவதும் கழியும். 10 ஹெக்டேர் பரப்பிலிருந்து நாளுக்கு 7 மில்லிமீட்டர் ஆவியானால் 7 லட்சம் லிட்டர் போகிறது. எஞ்சிய அடிநீரில் இரும்பும் மாங்கனீசும் கரைந்து பழுப்பாக, கறுப்பாக வரும். அப்போது வழக்கமான அளவு குளோரின் போதாது.

லாரிக் கணக்கையும் பார்ப்போம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஸ்டான்தார்ப் என்ற சிற்றூருக்கு 2020 ஜனவரி தொடங்கி ஓராண்டுக்கும் மேல் சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலிருந்து லாரியில்தான் தண்ணீர் வந்தது. 5,000 பேருக்கு ஆளுக்கு 50 லிட்டர் என்றால் 10,000 லிட்டர் லாரி 25 நடை அடிக்க வேண்டும். நிரப்ப, ஓட, இறக்க, திரும்ப என ஒரு நடைக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. நாளுக்கு நான்கு நடைக்கு மேல் ஒரு வண்டியால் முடியாது என்று வைத்தால் ஏழு வண்டிகள் ஓட வேண்டும். பழுதுக்கு ஒன்று தனி. முன்பு வேறு சரக்கு ஏற்றிய தொட்டியா என்று கேட்காமல் ஏற்கக் கூடாது. டீசலோ பூச்சிமருந்தோ ஏற்றியதென்றால் எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். மற்றபடி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி நிரப்பி, லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வரும்படி கலந்து 24 மணி நேரம் நிறுத்த வேண்டும். 30 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடரானால் 10,000 லிட்டருக்கு ஏறத்தாழ 1.7 கிலோ. பிறகு அதை வெளியேற்றிவிட்டு, ஒவ்வொரு நடைக்கும் லிட்டருக்கு 2 மில்லிகிராம் கணக்கில் 67 கிராம் பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும். மூட்டை பிரித்து மாதக்கணக்கான பவுடரில் வீரியம் பாதிகூட இராது; எடையை மட்டும் நம்பினால் ஏமாறுவோம்.

எனவே ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை வறட்சிச் செய்தி எடுக்கப் போகும் உங்கள் செய்தியாளர் எத்தனை லாரி என்று கேட்கட்டும், அதோடு இன்னும் நான்கு கேள்விகளையும் கேட்கட்டும்: இரவு 2 மணி முதல் 3 மணி வரை தொட்டி எவ்வளவு இறங்கியது? ஊரில் எத்தனை வால்வு, அதில் எத்தனை முழுதாக மூடுகின்றன? கிணற்றின் நிலை மட்டமும் ஓட்ட மட்டமும் போன மாதம் என்ன, இந்த மாதம் என்ன? கடைசி வீட்டில் குளோரின் எவ்வளவு? கிடைத்த எண்களை அப்படியே அச்சிடுங்கள். பதில் கிடைக்காத ஊர்களின் பெயரையும் சேர்த்து.

இப்படிக்கு,
குடிநீர் வழங்கல் பணியிலுள்ள வாசகர்கள்