புல்லட்டின் முன் பிரேக்: பழி டிரம்மின் மேல், குறை வேலையில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய புல்லட்டுகளை வாங்கிப் புதுப்பிப்பவர்கள் இன்ஜினுக்கும் பெயின்டுக்கும் குரோமுக்கும் தாராளமாகச் செலவழிக்கிறார்கள். முன் பிரேக் என்று வந்தால் மட்டும், ‘அது பேருக்குத்தான், பிடிக்காது’ என்று விட்டுவிடுகிறார்கள். இது ஆபத்தான எண்ணம். அவசரமாக நிறுத்தும்போது எடை முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது. அப்போது பெரும்பங்கு வேலையைச் செய்ய வேண்டியது முன் பிரேக்தான். பின் பிரேக்கை மட்டும் நம்பி மிதித்தால் சக்கரம் சுற்றாமல் நின்று, வண்டி பக்கவாட்டில் இழுக்கும்.

சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம்தான் டிரம். அதன் உள்ளே இருக்கும் பிறைவடிவ ஷூக்களை, கேம் என்ற துண்டு திரும்பி விரித்து உரச வைக்கும். இரண்டு கேம் கொண்ட 7 அங்குல முன் டிரம் மோசமான பிரேக் அல்ல. அதில் இரண்டு ஷூக்களுமே டிரம் சுற்றும் திசையில் இழுபட்டு, தாமாகவே மேலும் அழுந்தும். முறையாகப் பொருத்தினால் இரண்டு விரலில் வண்டி நிற்கும். டிஸ்க்குக்கு மாற்றச் சொல்லும் மெக்கானிக்குகள், முதலில் அந்த டிரம்மைத் திறந்து பார்த்தார்களா என்று கேட்க வேண்டும்.

‘புது ஷூ போட்டும் பிடிக்கவில்லை’ என்பதுதான் பரவலான புகார். பல ஆண்டுகள் ஓடித் தேய்ந்த டிரம்மின் உள்விட்டம் சற்றுப் பெரிதாகியிருக்கும். பாக்கெட்டில் வரும் ஷூவின் வளைவோ சிறிய வட்டத்துக்கு உரியது. அதனால் ஷூவின் மேலுள்ள உரசும் பட்டையான லைனிங்கின் நடுப்பகுதி மட்டும் டிரம்மைத் தொடும், இரு முனைகளும் தூக்கிக்கொண்டு நிற்கும். கைப்பிடி லிவரை இழுக்க இழுக்க ஷூ வளைந்துகொடுக்கும். கைக்கு மெத்தென்று இருக்கும், வண்டி நிற்காது. உடனே கேபிளை ‘டைட்’ வைப்பார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சாக்பீஸ் போதும். டிரம்மின் உள்சுவரில் சாக்பீஸைத் தேய்த்து, ஷூக்களைத் தாங்கும் பிளேட்டை மாட்டி, பிரேக்கை லேசாகப் பிடித்தபடி சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுக் கழற்றுங்கள். லைனிங்கில் எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும்தான் பிரேக் வேலை செய்கிறது. பாதி நீளத்துக்கும் குறைவாக ஒட்டியிருந்தால் லேத் (கடைசல்) பட்டறைக்குக் கொண்டுபோவதே சரி. ஷூக்களை அந்த வண்டியின் பிளேட்டிலேயே மாட்டி, கேமுக்கும் ஷூவுக்கும் நடுவே அரை முதல் ஒரு மில்லிமீட்டர் தகடு கொடுத்துச் சற்று விரித்து, ஷூ அசையாதபடி கட்டி, டிரம்மின் விட்டத்தைவிட சுமார் 0.4 மி.மீ. குறைவாகக் கடைய வேண்டும். டிரம் மிகவும் தேய்ந்திருந்தால் முதலிலேயே தடித்த லைனிங் ஒட்டச் சொல்லுங்கள். லைனிங்கின் முனைகளை அரத்தால் சரிவாக ராவிவிட்டால் பிரேக் வெடுக்கென்று கவ்வாது, கிரீச் சத்தமும் குறையும்.

பிரேக் பிடிக்கும்போது லிவர் கையில் துடித்தால் டிரம் ஓவலாகிவிட்டது என்று பொருள். டிரம்மைக் கடைவதானால் ஸ்போக் கட்டி, இறுக்கி, ரிம்மின் கோணல் எடுத்த பிறகே கடைய வேண்டும். வெறும் ஹப்பை (டிரம் உள்ள சக்கர நடுப்பகுதியை) கடைந்துவிட்டுப் பிறகு ஸ்போக்கை இறுக்கினால், அந்த இழுவையில் டிரம் மறுபடி கோணிப்போகும். பல பட்டறைகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது.

அடுத்து, இரண்டு கேம் லிவர்களையும் இணைக்கும் கம்பி. அதன் நீளம் தவறினால் ஒரு ஷூ மட்டுமே உழைக்கும், பிரேக் பாதி பலத்தில்தான் இருக்கும். கம்பியின் ஒரு முனையை இணைக்கும் ஊசியைக் கழற்றி, இரண்டு லிவர்களையும் தனித்தனியாகத் திருப்பி, ஷூ டிரம்மைத் தொட்ட இடத்தில் நிறுத்துங்கள். அந்த நிலையில் அந்த ஊசி தடையில்லாமல் ஓட்டைக்குள் நுழையும்படி கம்பியைத் திருகி நீளத்தைச் சரிசெய்து, லாக் நட்டை இறுக்குங்கள். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் பெரும்பாலோர் தொடுவதே இல்லை.

பிரேக்கை முழுதாகப் பிடிக்கும்போது கேபிளும் கேம் லிவரும் ஏறக்குறைய செங்கோணத்தில் நிற்க வேண்டும். லிவர் அதைத் தாண்டிப் போனால் இழுவிசை வீணாகும். அப்போது லிவரைக் கோணம் மாற்றி மாட்டித் தேய்ந்த லைனிங்கை மறைப்பது பெரும் தவறு. கேம் அளவுக்கு மீறித் திரும்பி, ஷூ விரிந்தபடியே மாட்டிக்கொண்டால் சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும். ரிவெட் தலைக்கு மேல் 1 மி.மீ. லைனிங் இல்லையென்றால் ஷூவை மாற்றியே ஆக வேண்டும்.

கேம் தண்டில் கிரீஸ் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும். வீல் பேரிங்கில் அள்ளி அப்பினால் சூட்டில் உருகி லைனிங்குக்கு வரும். கிரீஸ் குடித்த லைனிங்கைப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திச் சுத்தம் செய்கிறார்கள். அடுத்த முறை சூடேறும்போது உள்ளே ஊறியது மறுபடி கசியும். அந்த லைனிங்கைத் தூக்கி எறிவதுதான் சரி.

சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது, பிளேட்டிலுள்ள பள்ளம் ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவையின்) முட்டில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உட்காரவில்லையென்றால் முதல் பிரேக்கிலேயே பிளேட் சக்கரத்தோடு சுற்றும். ஆக்சில் நட்டைத் தளர்த்தி வைத்து, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இறுக்கினால் ஷூக்கள் நடுவில் அமரும். முதல் 150 கி.மீ. வரை பிரேக்கை நிதானமாகப் பழக்குங்கள். இன்னொன்று: இந்த இரட்டைக் கேம் பிரேக் முன்னோக்கி ஓடும்போதுதான் பலமாகப் பிடிக்கும். ஏற்காடு, கொல்லிமலை ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் நிறுத்தப் பின் பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று உண்டு. டிரம்மைத் திறந்ததும் கம்ப்ரசரில் காற்றடித்துத் தூசியை ஊதுவது நம் பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. பழைய லைனிங்குகளில் பெரும்பாலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும். அதன் எல்லா வகைகளும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. நோய் பல பத்தாண்டுகள் கழித்தே தெரியவரும். ஊதுபவர் பெரும்பாலும் பட்டறையில் இருப்பவர்களிலேயே வயதில் சிறிய பையன். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்தினால் ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை. கல்நார் கலந்த லைனிங்கை உலர்வாகத் தேய்க்கவோ கடையவோ கூடாது. கடைவதற்குக் கல்நார் இல்லாத லைனிங்கையே கேட்டு வாங்க வேண்டும்.

வாங்குபவருக்கு அது எப்படித் தெரியும்? பிரேக் ஷூ பாக்கெட்டின் மேல், கல்நார் கலந்ததா இல்லையா என்று தமிழிலும் பெரிய எழுத்தில் அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். போக்குவரத்துத் துறையும் தொழிலாளர் நலத்துறையும் இதைக் கவனிக்கும்படி தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழைய மோட்டார் சைக்கிள் பழுதுபார்ப்போர் சிலர்,
சேலம்.