2719தான் கடைசியா?

சுங்கை சிப்புட்

அன்புள்ள சேகர்,

இங்கு அனைவரும் நலம். பெரியவளுக்குத் தைப்பூசம் கழித்துக் கல்யாணம், பத்திரிகை தனியாக வரும். கருப்பண்ணன் இன்னமும் அந்த சைக்கிளைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். ஒரு போன் போட உனக்கு மனசு வரவில்லை. அதை நேரில் பேசிக்கொள்கிறேன்.

பழைய ஆயாக்கொட்டகையில் சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன் அல்லவா? போன வாரம் ராமானுஜன் 1917-இல் எழுதிய கட்டுரையிலிருந்து ஒன்றைக் கொடுத்தேன். இரண்டு வர்க்கங்கள், கூடவே இன்னொரு வர்க்கத்தின் பத்து மடங்கு. மூன்றையும் கூட்டி எந்தெந்த எண்ணை எட்டலாம்? பூஜ்யமும் சேர்த்தி.

43-ஐ எடு. பத்து மடங்கு வர்க்கமாக 0, 10, 40 மட்டும்தான் வர முடியும். கழித்தால் மிஞ்சுவது 43, 33, 3. ஒன்றுகூட இரண்டு வர்க்கங்களாகப் பிரியாது. ஆக 43 எட்டாது.

இரட்டைப்படையில் எட்டாதவை ஒழுங்குக்குள் அடங்கும்: 16-ஆல் வகுத்தால் 6 மிஞ்சுபவை, அவற்றை 4-ஆல் பெருக்கிக்கொண்டே போனால் வருபவை. ஒற்றைப்படைதான் ஆளைப் பாடாய்ப்படுத்துகிறது. 3, 7, 21, 31, 33, 43, 67, 79, 87, 133, 217, 219, 223, 253, 307, 391. இதுவரை எழுதிவிட்டு, இவை எளிய விதி எதற்கும் கட்டுப்படுவதாகத் தெரியவில்லை என்றார் ராமானுஜன். அவரே அப்படிச் சொன்னார், பார்! 1939-இல் ஜோன்ஸும் பாலும் 679-ஐச் சேர்த்தார்கள். 1941-இல் குப்தா 2719-ஐப் பிடித்தார்.

அந்த 2719-ஐப் பிள்ளைகள் பலகையில் போட்டார்கள். 0-இலிருந்து 2560 வரை 17 கழித்தல். கடைசியில் நின்றது 159, அதாவது 3 பெருக்கல் 53. அதுவும் பிரியாது என்றதும் ஒரே கூச்சல். அப்போது வள்ளியின் மகள், மூன்றாம் படிவம், எழுந்து கேட்டாள்: "சார், அப்ப 2719தான் கடைசியா?"

சேகர், அதற்கு 'ஆமாம்' என்று முழு நிச்சயத்தோடு சொல்ல வழியில்லை! ஓர் அளவுக்கு மேற்பட்ட ஒற்றை எண்கள் எல்லாம் எட்டிவிடும் என்று டியூக்கும் ஷூல்ஸ்-பில்லோட்டும் 1990-இல் நிறுவிவிட்டார்கள். அந்த அளவு எது என்பதை அந்த நிறுவல் தராது. 1997-இல் ஓனோவும் நம் சென்னையில் வளர்ந்த சௌந்தரராஜனும் இந்த 18 எண்தான் முழுப் பட்டியல் என்று காட்டினார்கள், பகா எண்களின் பரவலோடு தொடர்புடைய பொதுமைப்படுத்திய ரீமான் கருதுகோள் உண்மையாக இருந்தால். அந்தக் கருதுகோளை யாரும் இன்னும் நிறுவவில்லை. கூட்டலும் பெருக்கலும் தெரிந்த பிள்ளை கேட்கிற கேள்வி அவ்வளவு பெரிய பூட்டில் போய் மாட்டிக்கொண்டிருக்கிறது. ராத்திரி படுத்தாலும் எனக்கு இதே நினைப்புதான்.

தீபாவளிக்கு வரும்போது லேப்டாப்பை மறக்காதே. ஒரு கோடி வரைக்கும் பிள்ளைகள் முன்னால் ஓட்டிக் காட்டு. ஓடி முடிந்ததும் அவள் அதே கேள்வியைத் திரும்பவும் கேட்பாள். என்ன சொல்வது என்று இப்போதே யோசித்து வை.

அன்புடன்,
மாரி