இயந்திரம் 6.2 என்றது

மட்டக்களப்பு
சனிக்கிழமை இரவு

அன்புள்ள மச்சான்,

உன் மூன்று மெசேஜுக்கும் பதில் போடாமல் இருந்தது என் பிழைதான். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. நெட்டையன் கல்லடியில் வீடு கட்டி முடித்துவிட்டான். குடிபூரலுக்கு நீ வராத கோபம் அவனுக்கு இன்னும் ஆறவில்லை. அதை நீயே வந்து தீர்த்துக்கொள்.

நான் எழுத வந்தது வேறு விசயம். போன வேளாண்மை வெட்டு முடிந்த கையோடு படுவான்கரைப் பக்கமிருந்து ஒரு வயல்காரர் வந்தார். காய்ச்சல், கண் மஞ்சள், சிறுநீர் குறைவு. எலிக்காய்ச்சல் என்று நீ போனிலேயே சொல்லியிருப்பாய். ஐசியூவுக்கு எடுக்கும்போதே பிரஷர் இல்லை. மூன்று லீட்டர் சேலைன் போயிருந்தது, இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிரஷரை ஏற்றும் நோர்அட்ரினலின் ஓடிக்கொண்டிருந்தது.

எங்களிடம் இப்போது ஒரு இயந்திரம் இருக்கிறது. நாடிக் குழாய்க்குள் போட்டிருக்கும் ஆர்ட்டீரியல் லைனில் பூட்டினால் போதும், நாடி அலையின் வடிவத்தைப் பார்த்து 20 விநாடிக்கு ஒருக்கால் இதய வெளியீட்டைக் காட்டும், அதாவது இதயம் நிமிடத்துக்கு எத்தனை லீட்டர் இரத்தம் தள்ளுகிறது என்று. அன்று இரவு அது 6.2 லீட்டர் என்றது. இதயம் நன்றாக அடிக்கிறது, குழாய்கள்தான் விரிந்து கிடக்கின்றன என்று நோர்அட்ரினலினைக் கூட்டினோம். இலக்கம் இன்னும் ஏறியது. உடம்புக்கு இரத்தம் போதவில்லை என்று காட்டும் லக்டேட்டும் ஏறியது.

இரவு வேலையில் இருந்த நேர்ஸ் மிஸ் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை எழுப்பியது. "டொக்டர், கால் ரெண்டும் ஐஸ் மாதிரி இருக்கு." தொட்டுப் பார்த்தேன். முழங்கால் வரை குளிர். நிமிடத்துக்கு 6 லீட்டர் இரத்தம் ஓடுகிற உடம்பில் கால் அப்படி இருக்காது, மச்சான்.

இதயத்தை ஸ்கேன் பண்ணும் எக்கோவை இழுத்து வந்து வைத்தேன். இடது இதயவறை அசையவே சோம்பியது. இரத்தம் வெளியேறும் வாசலில் வி.டி.ஐ., அதாவது ஒரு துடிப்பில் இரத்தம் நகரும் தூரம், 9 சென்டிமீட்டர். வாசலின் விட்டம் 2 சென்டிமீட்டர், நாடி 120. கணக்குப் போட்டால் 3.4 லீட்டர்தான் வருகிறது. இரண்டு காலையும் உயர்த்தி ஒரு நிமிடத்துக்குள் மறுபடி அளந்தேன். 9 அப்படியே 9. காலிலிருந்து இரத்தம் வந்து சேர்ந்தும் ஓட்டம் கூடவில்லை என்றால் இன்னும் சேலைன் கொடுத்துப் பயனில்லை. கிருமி இதயத்தையும் பிடித்திருந்தது. சேலைனை நிறுத்தி, இதயத்தை வலுவாக அடிக்க வைக்கும் டொபியூட்டமின் தொடங்கினோம். விடியும்போது வி.டி.ஐ. 14. ஆள் பிழைத்து, பன்னிரண்டாம் நாள் நடந்து வாட்டுக்குப் போனார். ஆனால் நாங்கள் இழந்த அந்த ஐந்து மணித்தியாலம் இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

அந்த இயந்திரத்தை நாங்கள் ஏன் அவ்வளவு நம்பினோம் தெரியுமா? என்னோடு வேலை செய்யும் கெட்டிக்காரப் பொடியன் ஒருவன், எக்கோவையும் அதையும் கொஞ்சப் பேரில் ஒப்பிட்டு ஒரு வரைபடம் கொண்டு வந்தான். புள்ளிகள் அழகாக ஒரு கோட்டில் நின்றன. எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான். ஒரே பொருளை அளக்கும் இரண்டு முறைகள் கோட்டில் நிற்காமல் வேறு எங்கே நிற்கும்? ஒன்று எப்போதும் இரு மடங்கு காட்டினாலும் கோடு நேராகத்தான் வரும். புள்ளிவிபரக்காரர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இல் இதைத்தானே சொன்னார்கள்: ஒவ்வொரு ஆளிலும் இரண்டு அளவும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்.

அந்தப் பொடியனோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பப் படித்தேன். 1999இல் வந்த அந்த 30 வீதக் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? சராசரி 5 லீட்டர் என்றால் மேலும் கீழும் ஒன்றரை லீட்டர் விலகினாலும் புது முறையை ஏற்கலாம் என்பது. ஏன் அவ்வளவு தாராளம் என்று அவன் கேட்டான். நல்ல கேள்வி. ஒப்பிட வைத்திருக்கும் தெர்மோடைலூஷனே, அதாவது இதயத்துக்குள் விட்ட கதீட்டர் குழாய் வழியே குளிர்ந்த சேலைன் அடித்து, இரத்தம் எவ்வளவு குளிர்கிறது என்று பார்த்து ஓட்டத்தைக் கணிக்கும் முறையே, 20 வீதம் தவறலாம் என்று எடுத்துக்கொண்டுதான் அந்தக் கணக்கு. அளவுகோலே ரப்பர், மச்சான். கொழும்பில் நாம் குளிர்ந்த சேலைன் 10 மில்லிலீட்டரை மூன்று தரம் அடித்துச் சராசரி எடுத்தோமே, அதற்கும் இதுதான் காரணம். மூவிதழ் வால்வு ஒழுகினால் அதுவும் நம்ப முடியாது. நீ சிரிஞ்சைக் கையிலேயே சூடாக்கிவிட்டு வாங்கிக் கட்டியதை நான் மறக்கவில்லை.

அந்தக் கதீட்டரின் கதையும் பொடியனுக்குச் சொன்னேன். கடலில் பாய் விரித்துப் போகிற படகைப் பார்த்துத்தான் டொக்டர் ஸ்வானுக்கு, நுனியில் பலூன் வைத்தால் கதீட்டர் இரத்த ஓட்டத்தோடு போகும் என்ற யோசனை வந்தது, 1970இல் கட்டுரை வந்தது என்று. அவனுக்கு வாவித் தோணி ஞாபகம் வந்து கண் விரிந்தது. பிறகு 2005இல் நீ இருக்கும் பிரிட்டனின் 65 ஐசியூக்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளில் பார்த்தபோது, அதைப் போட்டதால் உயிர் கூடுதலாகத் தப்பவில்லை என்றும் சொன்னேன். இலக்கம் சரியாக இருந்தாலும் அதை வைத்து நாம் என்ன செய்கிறோம் என்பது தனியாக இருக்கிறதே.

என் 3.4ம் வேதவாக்கு இல்லை. விட்டத்தை 2 என்பதற்குப் பதில் 1.8 என்று அளந்திருந்தால் விடை 19 வீதம் குறைந்திருக்கும். ஆனால் ஒரே ஆளின் வாசல் இரவுக்கும் காலைக்கும் மாறாது. 9 என்பது 14 ஆனால் அந்த மாற்றம் மெய். நோர்அட்ரினலின் குழாயை இறுக்கும்போது உயர்ந்த அலையை அந்தப் பெட்டி ஓட்டம் என்று எடுத்துக்கொண்டது. அதனால் மருந்தைக் கூட்டிய நேரத்தில் அதன் மாற்றத்தையும் நம்ப முடியவில்லை. இனிமேல் எந்த முறையைப் பார்த்தாலும் என் கேள்வி ஒன்றுதான். மருந்தோ சேலைனோ கொடுத்த பிறகு வரும் மாற்றத்தை அது சரியான திசையில் காட்டுமா?

இயந்திரத்தைக் கழற்றி வீசச் சொல்லவில்லை. அது இரவு முழுக்க விழித்திருக்கிறது. எக்கோவுக்கு ஒரு கை வேண்டும், நடுச்சாமத்தில் அந்தக் கை என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அதுதான் என் கவலை. நான் இல்லாத இரவில் இன்னொரு வயல்காரர் வந்தால்?

சரி, விசயத்துக்கு வருகிறேன். ஆடி அமாவாசைக்கு இங்கே மாமாங்கக் கோயிலுக்கு வருவதாகச் சொன்னாய். அதில் இரண்டு நாளை எனக்குத் தா. எங்கள் பொடியன்களுக்கும் பிள்ளைகளுக்கும் வி.டி.ஐ. அளக்கக் கற்றுக்கொடு, அதைவிட வேறு ஒன்றும் வேண்டாம். நீ அங்கே நாள் முழுக்கச் செய்கிற வேலைதானே. நெட்டையன் வீட்டில் தங்கலாம், நண்டுக்கறிக்கு நான் பொறுப்பு.

டிக்கெட் போட்டதும் திகதியை அனுப்பு. நைட் டியூட்டி லிஸ்டை அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

உன்
மச்சான்